ஒரு கட்டத்தைத் திருத்தினால் எல்லாப் படிவமும் திருந்த வேண்டும்

எங்கள் மக்கள் இதுவரை நிரப்பிய படிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வீடு கொள்ளாது. இடம்பெயர்ந்த இடத்தில் பதிவு, முகாமில் பதிவு, மீள்குடியேற்றத்துக்குப் பதிவு, வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு, ஓர் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம், அடுத்த ஆணைக்குழுவுக்கு இன்னொன்று. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம் என்று அதே விபரங்களைத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்த தாய்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இப்போது அந்தப் படிவங்கள் மெல்ல மெல்லக் கைபேசித் திரைக்கு மாறிவருகின்றன. கடதாசியில் பொருந்தாத கேள்வி ஒன்று இருந்தால் பேனையால் வெட்டிவிட்டு ஓரத்தில் எழுதலாம். கிராம அலுவலரிடம் வாயால் விளக்கலாம். திரையில் ஓரம் கிடையாது. "திருமணமானவர், திருமணமாகாதவர், விதவை" என்று மூன்று வட்டங்கள் மட்டும் இருந்தால், அவற்றில் ஒன்றை அழுத்தாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவரை இராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்னமும் பதில் கேட்டுக்கொண்டிருக்கும் பெண் எந்த வட்டத்தை அழுத்துவது?

இணையத்தளங்கள் அமைப்பது எனது தொழில். வடக்கு கிழக்கில் உள்ள சிறிய அமைப்புகளின் தளங்கள் சிலவற்றையும் பராமரிக்கிறேன். அந்த மூன்று வட்டங்களை ஒரு தளத்தில் திருத்துவது பத்து நிமிட வேலை. எல்லாத் தளத்திலும் திருத்துவதுதான் பெரிய வேலை. ஏனென்றால் ஒவ்வொரு தளத்திலும் அதே படிவத்தின் தனித்தனிப் பிரதி கிடக்கிறது. இதற்கு மென்பொருள் துறையில் ஒரு வழி உண்டு. பொதுவான இடைமுகக் கூறு நூலகம் என்பது அதன் பெயர். அது என்ன, எங்கள் தேவைக்கு அதை எப்படி அமைப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். கணினி வேலை தெரியாதவர்களும் வாசிக்கலாம். கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் இணையத் தொழில் படிக்கும் பிள்ளைகள் செய்து பார்க்கவும் இதில் போதிய விபரம் உண்டு.

பிரதிகள் பெருகினால்

ஓர் அமைப்புக்கு மூன்று தளங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று உதவிக்குப் பதிவுசெய்வதற்கு. இன்னொன்று பெண்கள் கூட்டுறவின் பனம்பொருள் விற்பனைக்கு. மூன்றாவது தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்க. மூன்றும் வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு ஆட்களால் செய்யப்பட்டவை. பின்னால் வந்தவர் முன்னால் இருந்த படிவத்தைப் பிரதி எடுத்து, நிறத்தை மாற்றி, தன் தளத்தில் ஒட்டியிருப்பார்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள் மட்டும். பழைய தளம் 10 எழுத்துக்கு மேல் ஏற்காது. மகளின் புதிய அட்டை அங்கே செல்லாது. புதிதாகச் செய்த தளம் 12 இலக்கத்தைத்தான் கேட்கும். தாயின் பழைய அட்டை அங்கே செல்லாது. ஒரு வீட்டில் இரண்டு பேர், இரண்டு தளம், இரண்டு நிராகரிப்பு. ஒருவர் முறைப்பாடு செய்தபின் ஒரு தளம் திருந்தும். மற்றத் தளத்தில் யாராவது முறைப்பாடு செய்யும்வரை அது அப்படியே கிடக்கும். அநேகர் முறைப்பாடு செய்வதில்லை. "எங்களுக்கு இது சரிவராது" என்று விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அயலுக்குப் பொதுக் கிணறு ஒன்று இருந்தால், அதை இறைத்துத் துப்புரவாக்கிய அன்றே எல்லா வீட்டுக்கும் நல்ல தண்ணீர். கூறு நூலகம் அப்படிப்பட்டது.

கூறு என்றால் என்ன

இணையப் பக்கத்தில் நாம் தொடுகிற, நிரப்புகிற, வாசிக்கிற ஒவ்வொரு பாகமும் ஒரு கூறு. பொத்தான் ஒரு கூறு. பெயர் எழுதும் கட்டம், திகதி கேட்கும் கட்டம், பிழை வந்தால் தோன்றும் செய்தி, மொழி மாற்றும் இணைப்பு எல்லாம் கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தோற்றம் உண்டு, ஒரு நடத்தை உண்டு. நூலகம் என்பது இவற்றை ஒரே இடத்தில் எழுதி, பெயரிட்டு, விளக்கம் சேர்த்து வைப்பது. ஒவ்வொரு தளமும் அங்கிருந்து எடுத்துப் பாவிக்கும். தானாக ஒன்றை எழுதாது.

உலகத்துக்கு இது புதிதல்ல. டுவிட்டர் நிறுவனத்தில் வேலைசெய்தவர்கள் உருவாக்கிய பூட்ஸ்ட்ராப் 2011இல் வெளியானது. பேஸ்புக் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ரியாக்ட், பக்கத்தைக் கூறுகளாகப் பிரித்து எழுதும் வழக்கத்தைப் பரவலாக்கியது. பிரித்தானிய அரசாங்கம் தன் திணைக்களங்கள் எல்லாம் பாவிப்பதற்கான பொது வடிவமைப்புத் தொகுதியை 2018இல் வெளியிட்டது. அதன் நிரல் எவரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய திறந்த நிரல்.

அந்தப் பிரித்தானியத் தொகுதியில் எனக்குப் பிடித்தது அதன் சிந்தனை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்துக் கேட்பதைவிட முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைப்பதே நல்லது என்று அது ஆலோசனை சொல்கிறது. பிறந்த திகதிக்குக் கலண்டரைத் திறந்து வருடக்கணக்காகப் பின்னால் தள்ளவிடாமல், நாள், மாதம், வருடம் என்று மூன்று சிறு கட்டங்களைத் தருகிறது. பலதரப்பட்ட மக்களை வைத்துப் பரிசோதித்து, அதில் தெரிந்ததைக் கூறுக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். பிறகு அதைப் பாவிக்கும் எந்தத் திணைக்களமும் அந்தப் பாடத்தைப் புதிதாகப் படிக்கத் தேவையில்லை. நாமும் எங்கள் மக்களிடம் கற்றதை இப்படிப் பதித்து வைக்கலாம்.

முதலில் கணக்கெடுப்பு

நூலகம் அமைக்கத் தொடங்குகிறவர்கள் நேராக நிரல் எழுத உட்காரக்கூடாது. முதலில் இருக்கிற தளங்கள் எல்லாவற்றையும் கைபேசியில் திறந்து, ஒவ்வொரு பொத்தானையும் கட்டத்தையும் திரைப்படமாகப் பிடித்து ஒரே பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரே "அனுப்பு" பொத்தான் ஐந்து பச்சை நிறத்தில், நான்கு சொல்லில் இருப்பது கண்ணுக்குத் தெரியும். ஓரிடத்தில் "சமர்ப்பிக்கவும்", இன்னோரிடத்தில் "அனுப்பு", வேறோரிடத்தில் "பதிவேற்று". வாசிக்கும் முதியவருக்கு இவை மூன்றும் ஒன்றா வேறா என்பது புரியாது.

அடுத்தது அடிப்படை அளவுகள். நிறங்கள், எழுத்தின் பருமன், வரிகளுக்கு இடையிலான வெளி, ஓர இடைவெளி ஆகியவற்றுக்குப் பெயர் வைத்து ஒரே கோப்பில் எழுதுங்கள். உலாவிகள் ஏற்கும் சிஎஸ்எஸ் மாறிகள் இதற்குப் போதும். "பிழை நிறம்" என்று ஒருமுறை வரையறுத்தால் எல்லாக் கூறும் அந்தப் பெயரைத்தான் அழைக்கும். ஒவ்வொரு அமைப்பும் தன் அடையாள நிறத்தை அந்தக் கோப்பில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கூறைத் தொடத் தேவையில்லை.

பிறகு ஐந்தே ஐந்து கூறுகளோடு தொடங்குங்கள். எனது பட்டியல் இது: பொத்தான், எழுத்துக் கட்டம், தெரிவு வட்டங்கள், பிழைச் செய்தி, மொழி மாற்றி. ஐம்பது கூறுகளோடு தொடங்கும் நூலகங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. ஒரு பாகம் மூன்றாவது தளத்திலும் தேவைப்படும்போது அதை நூலகத்துக்குள் எடுத்தால் போதும். ஒரே ஒரு தளம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நூலகமே தேவையில்லை. நிரலை ஒழுங்காக வைத்திருந்தால் சரி.

தமிழுக்கென்று செய்யவேண்டியவை

வெளிநாட்டில் செய்த ஆயத்தக் கூறுகளை அப்படியே எடுத்தால் தமிழ் அதற்குள் அடங்காது. இதை ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியாகச் சரிசெய்வது வீண் உழைப்பு. நூலகத்தில் ஒருமுறை செய்துவிடலாம்.

முதலாவது, உயரம். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும் வரும்; கீழே உகரக் குறிகள் இறங்கும். ஆங்கிலத்துக்கு அளவான நெருக்கமான வரி இடைவெளியில் மேல்வரியின் "ழு"வும் கீழ்வரியின் "கி"யும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் பருமனைப்போல 1.6 மடங்கு வரி உயரம் வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். பொத்தானுக்கு நிலையான அகலமோ உயரமோ கொடுக்கக்கூடாது. ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் முடியும் சொல் தமிழில் இரண்டு வரி பிடிக்கலாம்.

இரண்டாவது, எழுத்தை எண்ணுவது. "முல்லைத்தீவு" என்பது எங்களுக்கு ஆறு எழுத்து. யூனிகோட் முறையில் உயிர்மெய்யின் குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு அது 12 குறியீடுகள். பெயருக்கு 20 என்று எல்லை வைத்த கட்டத்தில் நீளமான தமிழ்ப் பெயர் பாதியில் அறுந்துபோகும். அறுபடும் இடம் எழுத்தின் நடுவாகவும் இருக்கலாம். "தீ" என்பது "த" ஆகிவிடும். மனிதர் எண்ணுவதுபோல எண்ணுவதற்கு இன்டல் செக்மென்டர் என்ற வசதி முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் 2024 முதல் உண்டு. நூலகத்தின் எழுத்துக் கட்டம் அதைக்கொண்டே எண்ண வேண்டும்.

மூன்றாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு உள்வடிவம். "கிளிநொச்சி"யில் உள்ள "நொ"வை இரண்டு குறியீடுகளாலும் எழுதலாம், கொம்பையும் அரவையும் பிரித்து மூன்றாலும் எழுதலாம். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஒருவர் பதிந்த பெயரை இன்னொருவர் தேடும்போது "அப்படி ஒருவர் இல்லை" என்று பதில் வரும். இல்லாதவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் சமூகத்துக்கு இந்தப் பதில் சாதாரணமானதல்ல. எழுத்துக் கட்டத்தில் எழுதியதை அனுப்புமுன் யூனிகோட்டின் ஒரே சீர்வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். நிரலில் அது ஒரே வரி. அதே வரியை வழங்கியிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுகளையும் அவ்வாறே ஒருமுறை மாற்றுங்கள்.

நான்காவது, பாமினி. எங்கள் அலுவலகங்களில் இன்றும் பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பார்வைக்குத் தமிழ், கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்து. அதிலிருந்து பிரதி எடுத்து ஒட்டினால் அர்த்தமற்ற எழுத்துகள்தான் வரும். அலுவலர்கள் பாவிக்கும் கூறில் யூனிகோட்டுக்கு மாற்றும் வசதியைச் சேர்த்து, மாற்றியதைக் காட்டி "இது சரியா?" என்று கேட்டபிறகே பதிய வேண்டும்.

எழுத்துருக் கோப்பை வேறு நிறுவனத்தின் வழங்கியிலிருந்து அழைக்காமல், நூலகத்தோடு சேர்த்துச் சொந்த வழங்கியில் வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்ற தடயம் மூன்றாவது ஆளிடம் போகாது.

பெயர், குடும்பம், மொழி

எங்களில் அநேகருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் பெயரைத்தான் முன்னே போடுகிறோம். முதற்பெயர், கடைசிப்பெயர் என்று கேட்கும் படிவத்தில் ஒருவர் தந்தையின் பெயரை முன்னே எழுதுவார், அவருடைய சகோதரி பின்னே எழுதுவாள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு குடும்பமாகப் பதிவாகிவிடுவார்கள். ஆகவே நூலகத்தில் "முழுப்பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி" என்று ஒரு கட்டம். உண்மையிலேயே தேவை என்றால் மட்டும் "தந்தையின் பெயர்" என்று தனியாக ஒன்று.

பிறந்த திகதிக் கூறு, திகதி சரியாகத் தெரியாதவரையும் ஏற்க வேண்டும். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். "வருடம் மட்டும் தெரியும்" என்ற தெரிவு இல்லாவிட்டால் ஜனவரி 1 என்று ஏதோ ஒன்றை எழுதுவார்கள். அந்தப் பொய்த் திகதி பிறகு வேறு ஆவணங்களோடு முரண்படும்.

இனி அந்த மூன்று வட்டங்கள். முதல் கேள்வி: இதைக் கேட்கத்தான் வேண்டுமா? தையல் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவரின் கணவர் எங்கே என்பது பயிற்சி நிலையத்துக்கு எதற்கு? தேவையில்லாத கேள்வியை நீக்குவதே முதல் திருத்தம். உதவித்திட்டம்போலக் கேட்டே ஆகவேண்டிய இடத்தில், "துணைவர் காணாமல் ஆக்கப்பட்டவர்" என்பது தனித் தெரிவாக இருக்க வேண்டும். "சொல்ல விரும்பவில்லை" என்பதும் இருக்க வேண்டும்.

சட்டத்திலும் இந்த வேறுபாடு இருக்கிறது. காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம். இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்கப் பல குடும்பங்கள் மறுத்தன. 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபின், மரணத்தை ஏற்காமலே, ஆளைக் காணவில்லை என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம் என்ற நிலை வந்தது. அந்தச் சான்றிதழ்களில் எதைப் பெறுவது, பெறாமலே இருப்பதா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது பதில். படிவத்தின் ஒரு வட்டம் அவர்களை முந்திக்கொண்டு முடிவு சொல்லக்கூடாது.

தொழில் படிக்கும் பிள்ளைகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையில் தெரியும் சொல் வேறு, தரவுத்தளத்தில் சேமிக்கப்படும் குறி வேறு. திரையில் புதிய தெரிவைச் சேர்த்துவிட்டு, உள்ளே அதை "விதவை" என்ற பழைய குறியிலேயே சேமித்தால், அறிக்கை எடுக்கும் அன்று அவர்கள் எல்லோரும் விதவைகளாகவே எண்ணப்படுவார்கள். புதிய தெரிவுக்குப் புதிய குறி வேண்டும். வேறு வழியில்லாமல் முன்பு "விதவை" என்பதை அழுத்தியவர்களை நாமாக ஊகித்து மாற்றவும் கூடாது. அடுத்தமுறை அவர்கள் வரும்போது கேட்டு மாற்றுவதுதான் முறை.

மொழி மாற்றியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சட்டத்தில் இருக்கும் தமிழ் திரைக்கு வரும்போது பல தளங்களில் முதற்பக்கத்தோடு நின்றுவிடுகிறது. படிவத்தைத் திறந்தால் ஆங்கிலம். வேறு சில தளங்களில், பாதி நிரப்பியபின் மொழியை மாற்றினால் எழுதியது எல்லாம் அழிந்துவிடும். நூலகத்தின் மொழி மாற்றி எழுதியதை அழிக்காமல் மொழியை மட்டும் மாற்ற வேண்டும். கூறுக்குள் எந்த மொழியின் சொல்லையும் நேரடியாக எழுதாமல், தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று சொற்கோப்புகளில் வைக்க வேண்டும். ஒரு சொல் தமிழ்க் கோப்பில் இல்லாவிட்டால் நூலகத்தின் பரிசோதனை அங்கேயே நிற்க வேண்டும். அப்படிச் செய்தால் "தமிழ் பிறகு போடுவோம்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

எங்கே வைப்பது, எப்படிப் பகிர்வது

எல்லாத் தளத்தையும் ஒரே குழு பார்க்கிறது என்றால், எல்லாவற்றையும் ஒரே கிட் களஞ்சியத்தில் வைப்பது இலகு. தளங்களுக்கு ஒரு கோப்புறை, பொதுக் கூறுகளுக்கு இன்னொரு கோப்புறை. என்பிஎம் கருவியின் 7ஆம் பதிப்பிலிருந்து வேர்க்ஸ்பேசஸ் என்ற வசதி இருப்பதால், தளங்கள் பக்கத்துக் கோப்புறையில் உள்ள நூலகத்தை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும். கூறைத் திருத்தியதும் எல்லாத் தளத்தையும் ஒன்றாகப் பரிசோதித்து ஒன்றாக வெளியிடலாம்.

தளங்கள் வெவ்வேறு ஆட்களிடம் இருந்தால் நூலகத்தைத் தனிப் பொதியாக வெளியிட வேண்டும். அப்போது ஒவ்வொரு தளமும் புதிய பதிப்பை எடுத்து, மீண்டும் கட்டி வெளியிட்டால்தான் திருத்தம் மக்களுக்குப் போய்ச்சேரும். நூலகத்தில் திருத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. எந்தத் தளம் எந்தப் பதிப்பில் நிற்கிறது என்ற பட்டியல் ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

சிறு அமைப்புகளில் ஒரு தளம் வேர்ட்பிரஸில் இருக்கும், இன்னொன்று ரியாக்டில் இருக்கும். அதனால் நான் கூறின் அடித்தளத்தைச் சாதாரண எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கொண்டே எழுதுகிறேன். ரியாக்ட் தளத்துக்கு அதன்மேல் மெல்லிய உறை ஒன்று போதும். அந்த உறை தன்னோடு இன்னொரு ரியாக்ட் பிரதியைச் சுமந்துவரக்கூடாது. தளத்தில் இருப்பதையே பாவிக்கும்படி பொதியின் விபரக் கோப்பில் குறிப்பிட வேண்டும். இரண்டு பிரதிகள் ஒரே பக்கத்தில் இருந்தால் பக்கம் பழுதாகும், கைபேசியில் இறங்கும் அளவும் கூடும். ரீலோட் போட்டு டேட்டா வாங்கும் ஒருவருக்கு ஒவ்வொரு கிலோபைட்டும் காசு. ஆகவே பொத்தான் மட்டும் தேவைப்படும் பக்கம் பொத்தானை மட்டும் இறக்கும்படி கூறுகளைத் தனித்தனிக் கோப்புகளாக வையுங்கள்.

பிறருடைய பொதிகளில் தங்கியிருப்பதைக் குறைத்துக்கொள்வதும் நல்லது. 2016 மார்ச் மாதம் 11 வரிகள் மட்டுமே கொண்ட சிறு பொதி ஒன்றை அதை எழுதியவர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதில் தங்கியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் உலகம் முழுவதும் அன்று கட்டமுடியாமல் நின்றன.

பதிப்பு எண் ஒரு வாக்குறுதி

2.4.1 என்று பதிப்பு எண் இருந்தால் அதன் மூன்று பாகத்துக்கும் பொருள் உண்டு. கடைசி எண் கூடினால், பழுது திருத்தப்பட்டிருக்கிறது, பயமின்றி எடுக்கலாம். நடு எண் கூடினால், புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பழையது பழையபடி இயங்கும். முதல் எண் கூடினால், பழையது உடையலாம்; வாசித்துவிட்டு எடுக்க வேண்டும். தளம் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை நம்பித்தான் புதுப்பிப்பார்கள். ஒருமுறை நம்பிக்கை கெட்டால் பிறகு எவரும் புதுப்பிக்கமாட்டார்கள். பழையபடி பிரதி எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் என்ன மாறியது, ஏன் மாறியது என்று இரண்டு வரி தமிழில் எழுதி வையுங்கள்.

எல்லோருடைய கைக்கும்

பொதுக் கிணற்றுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அதில் அழுக்கு விழுந்தால் அயல் முழுவதும் குடிக்கும். நூலகத்தில் செய்யும் பிழை எல்லாத் தளத்துக்கும் போகும் என்பதால் பரிசோதனை கடுமையாக இருக்க வேண்டும். ஸ்டோரிபுக் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கூறையும் தனியாக, ஒரு கண்காட்சிபோல வைத்துப் பார்க்க உதவும். ஒவ்வொரு கூறையும் மூன்று மொழியிலும், மிக நீளமான பெயரோடும், சிறிய திரையிலும், பிழை வந்த நிலையிலும் அங்கே வைத்துப் பாருங்கள்.

எங்கள் மத்தியில் பார்வை இழந்தவர்கள், கையை இழந்தவர்கள், விரல்கள் முழுதாக இயங்காதவர்கள் பலர். இணைய அணுகல்தன்மைக்கான உலக வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது. சாதாரண பருமனுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு, தொடும் இடத்துக்கு ஆகக்குறைந்தது 24க்கு 24 புள்ளி அளவு என்பவை அதில் உள்ளவை. எனது நூலகத்தில் பொத்தானை 48 புள்ளிக்குக் குறையவிடுவதில்லை. ஒற்றைக் கையால், பெருவிரலால் அழுத்துபவருக்கு 24 போதாது. பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல் சொல்லாலும் சொல்ல வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலும்.

சிக்னல் போய், மின்சாரம் போய் எழுதியது அழிவது இன்னொரு தொல்லை. கைபேசியிலேயே சேமித்து வைக்கும் கூறு அதற்கு நல்ல தீர்வு. ஆனால் எங்கள் ஊர்களில் ஒரு கைபேசி ஒருவருடையதாக மட்டும் இருப்பதில்லை. வீட்டில் மூன்றுபேர் பாவிப்பார்கள். சிலவேளை விருப்பமில்லாத கைகளுக்கும் போகும். காணாமல் ஆக்கப்பட்டவரைப் பற்றி எழுதிய வாக்குமூலம் அதில் திறந்தபடி கிடப்பது ஆபத்து. அதனால் "இந்தக் கைபேசியில் சேமிக்கவா?" என்று கூறு கேட்க வேண்டும், அனுப்பியதும் சேமித்ததை அழிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதுதான். ஆனாலும் சேகரிக்காத தரவைப்போலப் பாதுகாப்பான தரவு வேறில்லை.

யார் பொறுப்பு

கிணறு பொது என்றாலும் கயிறும் வாளியும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டால்தான் நிற்கும். நூலகத்துக்கு ஒரு பொறுப்பாளர், அவருக்கு மாற்றாக இன்னொருவர் என்று இரண்டுபேர் வேண்டும். எந்தத் தளத்துக்காரரும் மாற்றம் கேட்கலாம்; இரண்டுபேரும் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் உள்ளே போகும். திட்ட நிதி முடிந்ததும் தளம் கைவிடப்படுவது எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. நூலகத்தைத் திறந்த உரிமத்தில், விளக்கங்களைத் தமிழில் எழுதி வைத்தால், நிதி முடிந்தபின் வரும் பிள்ளை அதை எடுத்துத் தொடரலாம்.

அந்த இரண்டுபேரும் கணினி தெரிந்தவர்களாக இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கேள்வி நோகும், எந்தச் சொல் பொருந்தாது என்பதைப் படிவம் நிரப்புகிறவர்தான் அறிவார். புதிய கூறு ஒன்று வெளியாகுமுன், இரண்டு தாய்மாரிடம் கைபேசியைக் கொடுத்து நிரப்பச் சொல்லிவிட்டு வாய் பேசாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர்களுடைய விரல் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறதோ, அடுத்த பதிப்பில் திருத்தவேண்டியது அந்த இடத்தைத்தான்.